ஓரடி உயரம்

விபத்துப் பிரிவுப் பதிவேட்டில்
ஆறாவது கட்டம்: எப்படி நடந்தது.
ஏழு வருஷமாக நான் அதில் எழுதுவது
ஒரே சொல்.
தவறுதலாக.
தவறுதலாகக் குடித்தது, தவறுதலாக விழுந்தது,
தவறுதலாகக் கொதிதண்ணி.
கட்டம் சின்னது.
வேறெதுவும் அதற்குள் அடங்காது.

நேற்றுச் சாமம் இறக்காமத்திலிருந்து ஒரு பிள்ளை.
ஒன்றரை வயசு. மண்ணெண்ணெய்.
தகப்பன் போத்தலையும் கையோடு கொண்டுவந்திருந்தான்.
நெக்டோ போத்தல். லேபல்கூடக் கிழியவில்லை.
"வாய்க்குள்ள விரல் விட்டுச் சத்தி எடுக்க வெச்சீங்களா?"
"இல்ல மிஸ். பக்கத்து வளவுச் சாச்சி
வேணாமெண்டு கையப் புடிச்சிட்டா."
அல்ஹம்துலில்லாஹ் என்றார் தாதி
அந்தச் சாச்சியின் பெயர் தெரியாமலே.
சத்தியோடு நெஞ்சுக்குள் இறங்கியிருந்தால் வேறு கதை.
பிள்ளை தப்பிற்று.
நான் எழுதினேன்: தவறுதலாக.
பேனை கடைசி எழுத்தில் கொஞ்சம் நின்றது.

காலை பஸ். நிந்தவூர்ச் சந்தி. வீடு.
அம்ரா மதினியின் மடியில் நித்திரை. பத்து மாசம்,
தவழத் தொடங்கி ஒரு கிழமை.
உடுப்பு மாற்றவில்லை.
கைப்பையை ஆணியில் கொழுவிவிட்டு
சீமெந்துத் தரையில் குப்புறப் படுத்தேன்.

நான் தினமும் கூட்டுகிற வீடு அல்ல அது.
மேசைவிரிப்பின் ஓரம் கைக்கெட்டத் தொங்குகிறது,
பிடித்து இழுத்தால் மேலிருந்து சுடுதண்ணிப் பிளாஸ்க் வரும்.
ரைஸ் குக்கர் வயர் ஒரு பயற்றங்கொடி.
கட்டிலடியில், போன நோன்புக்கு
எலிக்கென்று நான் வைத்த மருந்து,
இனிப்பு மாதிரி ரோஸ் நிறம்.
ரிமோட்டிலிருந்து கழன்ற பொத்தான் பற்றரி, மினுங்கிக்கொண்டு.
குளியலறை வாளியில் முக்கால்வாசித் தண்ணீர்.
எட்டிப்பார்க்க வரும் ஒரு முகத்துக்கு
அது காணும்.
பின்கதவு திறந்து கிடக்க
நேரே, மிக நேரே,
கிணறு.

அரிசி வாளிக்குப் பின்னால்
ஸ்ப்ரைட் போத்தல் ஒன்று, கழுத்தில் கறுப்பு நூலோடு.
வட்டைக்கு அடித்து மிஞ்சிய களைநாசினி.
நூல் கட்டினால் மருந்து.
அது இவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.
அம்ராவுக்கு யார் சொன்னது?

நிஸ்பார் வந்து நின்றார். கெண்டைக்கால்வரை சேறு.
"என்னகா, தோடு விழுந்துட்டா?"
"நீங்களும் படுங்க."
சிரித்தார். என் முகத்தைப் பார்த்தார். படுத்தார்.
கலியாணம் முடித்து நாலு வருஷத்தில்
இந்தப் பக்கத்தால் நாங்கள் வீட்டைப் பார்த்ததில்லை.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பிறகு நான் காணாததை அவர் விரல் காட்டிற்று:
சுவரடியில் மூடி உடைந்த பிளக் ஓட்டை.
ஹஜ்ஜுப் பெருநாளைக்கு முந்தி மாட்டுவதாகச் சொன்னவர்
அவர்தான்.

கறுப்பு நூல் போத்தல் அண்டைக்கே
வட்டை வாடிக்குப் போனது, பூட்டுப் பெட்டிக்குள்,
மேலே "நஞ்சு" என்று என் பதிவேட்டு எழுத்தில்.
வாளி கவிழ்ந்தது. வயர் சுருண்டது.
மேசைவிரிப்பு மதினியின் தலையணை உறையாயிற்று,
அவவுக்கு அதில் கொஞ்சம் கோபம்.

பின்னேரம் அம்ரா எழும்பினாள்.
நேரே தவழ்ந்தாள், அரிசி வாளிக்குப் பின்னால்.
எத்தனை நாளாய்க் கண் வைத்திருந்தாளோ.
வெறுந்தரையில் இரண்டு தட்டுத் தட்டி
திரும்பி என்னை முறைத்தாள்.

அங்கே ஒன்றுமில்லை, மகள்.
அந்த ஒன்றுமில்லைக்கு
எங்கள் பதிவேட்டில் கட்டம் கிடையாது.

கிணற்றுக்கட்டு உயர்த்த சீமெந்து இரண்டு பக்கட் வேணும்,
வெள்ளாமை வெட்டின பிறகுதான் காசு.
அதுவரைக்கும்
பழைய கதவொன்றைக் கழற்றி மேலே போட்டு
அதற்குமேல் கல் வைத்திருக்கிறோம்.
ராவில் இரண்டுதரம் எழும்பி
கல் இருக்கிறதா என்று பார்க்கிறேன்.