பதினைந்து இலக்கம்

நகராட்சி விதிப் புத்தகத்தில் என் பதவிக்கு
ஒரு வரி கொள்ளாத பெயர்.
ஊர் வாயில் நான் நாய்வண்டி மர்லீன்.
திட்டுகிறவர்களும் அப்படித்தான்,
கடை வரிசையில் எனக்கு இடம் விடுகிறவர்களும் அப்படித்தான்.

சஸ்காச்சுவானில் பிப்ரவரி.
மைனஸ் முப்பத்தொன்று.
கண்ணை மூடினால் இமைகள் ஒட்டிக்கொள்கின்றன.
கர்லிங் அரங்கின் பின்பக்கம்,
சுவர்க்குழாய் ஆவி விடும் மூலையில் ஒரு நாய்.
கடிக்குமா என்று கேட்டேன்.
அழுகிறது என்றார்
ஐஸ் தளம் தேய்க்கும் வால்ட்.

சுருக்குக் கம்பை வண்டியிலேயே விட்டுவிட்டேன்.
இருபத்திரண்டு வருடத்தில் கற்ற வித்தை ஒன்றே ஒன்று:
முதுகைக் காட்டி உட்கார்.
வேகவைத்த ஈரலைப் பின்னால் நீட்டு.
வேறெதையாவது யோசி.
வண்டியின் பிரேக்கை யோசித்தேன்.
அதற்கு எவ்வளவு கேட்பான் என்று யோசித்தேன்.
விரல் நுனியில் முதலில் ஒரு மூக்கு,
பிறகு முழு நாயும்.

பாதப் பிளவுகளில் பனிக்கட்டி, கொஞ்சம் ரத்தம்.
பட்டை இல்லை.
அலுவலகத்தில்
தோள்களுக்கு நடுவே கருவியை ஓட்டினேன்.
பீப்.
பதினைந்து இலக்கம்.

அவற்றைப் படித்துச் சொன்னதும்
ஒன்டாரியோவில் ஒரு பெண்
உரிமையாளரின் தொலைபேசி எண்ணைத் தந்தாள்.
பாதி எழுதும்போதே கைக்குத் தெரிந்துவிட்டது.
ஆனாலும் மேசைத் தொலைபேசியில் சுழற்றினேன்,
முறை என்று ஒன்று இருக்கிறதே.
ஆணியில் தொங்கிய என் கோட்டு
மணி அடித்தது.
நாய் கோட்டைப் பார்த்தது.
பிறகு என்னைப் பார்த்தது.

நான்கு வருடம் முன்பு, குப்பைமேடு,
டிராக்டர் உதிரிபாகம் வந்த அட்டைப்பெட்டி,
அதற்குள் ஒன்பது குட்டி.
ஒவ்வொன்றுக்கும் ஊசி, ஒவ்வொன்றுக்கும் சிப்.
பெயர்: ஒன்று முதல் ஒன்பது வரை.
உரிமையாளர்: இப்போதைக்கு நான்.
வாங்கிப்போனவர்கள் கையில் ஆளுக்கொரு ரோஸ் தாள்.
பத்து நாளில் பெயரை மாற்றிவிடுங்கள் என்றேன்.
ஒன்பது பேரும் தலையாட்டினார்கள்.
தலையாட்டுவதில் எங்கள் ஊரை அடிக்க ஆளில்லை.

விதி தெளிவாகத்தான் இருக்கிறது:
பதிவில் எவர் பெயரோ அவரே உரிமையாளர்.
அவிழ்ந்து திரிந்தால் நூற்றிருபத்தைந்து டாலர்.
அபராதப் புத்தகத்தைத் திறந்தேன்.
பெற்றவர்: மர்லீன் போய்ச்சுக்.
வழங்கியவர்: மர்லீன் போய்ச்சுக்.
கார்பன் தாளிலும் நன்றாகவே விழுந்திருந்தது.

மதியம் டார்சி லாவலே வந்தான்,
எண்ணெய்க் கிணற்றில் ராவேலை முடித்து, தூங்காமல்,
உள்சட்டை வெளியே தெரிய.
"வாஃபிள்!"
எட்டாம் எண் குட்டிக்கு இப்படி ஒரு பெயர்.
பின்பாதி உடம்பே வாலாகி ஆடியது.

வேலி ஐந்தடி, சத்தியமாகச் சொல்கிறேன் என்றான்.
போய்ப் பார்த்தேன். ஐந்தடிதான்.
காற்று கொண்டுவந்து சாய்த்த பனியும் ஐந்தடி.
நாய் தாண்டவில்லை,
குதிக்கவில்லை, பள்ளம் பறிக்கவில்லை,
பாலத்தில் போவதுபோல
நடந்து போயிருக்கிறது.

பனி அள்ளுவதும் நாய் வளர்ப்பதில் சேர்த்திதான்
என்றேன்.
எதிர்ப்பேச்சு பேசாமல் மண்வாரி எடுத்தான்.
முழங்கால்வரை அள்ளிய பிறகு
பையிலிருந்து அபராதச் சீட்டை எடுத்துப் படித்தான்.
"இதில் உங்க பேர் இருக்கே?"
"அதைத்தான் மாற்றணும், உட்கார்."

சமையல்மேசை, அவன் போன், என் கண்ணாடி.
கடவுச்சொல்லை மூன்று முறை தப்பாகப் போட்டான்.
வாஃபிள் எங்கள் நான்கு பூட்ஸ் மேலும்
குறுக்கே படுத்துத் தூங்கியது.

மார்ச் கடைசியோடு எனக்கு ஓய்வு.
இந்த எண்ணை நகராட்சி திரும்ப வாங்கிக்கொள்ளும்,
பிறகு துண்டித்துவிடும்.
அதற்குப் பிறகு ஏதோ ஒரு பின்சுவரோரம்
ஏதோ ஒரு கருவி பீப் சொல்லும்,
யாரோ சுழற்றுவார்கள்,
அந்தப் பக்கம் கோட்டுகூட இருக்காது.

ரோஸ் தாள் நகல்களைத் தேடி எடுத்தேன்.
ஒன்றாம் எண், ஆள் எட்மண்டன் போயாயிற்று.
இரண்டு, போன வருடம் லாரியில் அடிபட்டதாம்,
சொல்லவில்லையே என்றேன்,
யாரிடம் சொல்ல என்றார்கள்.
மூன்று, எடுக்கவில்லை.
நான்கு.
மணி போகிறது.
ஹலோவுக்கு முன்னால்
குரைப்பு.