ன் தட்டுப்பாடு

மன்னார்குடியில், பாமணி ஆற்றுக்கு இந்தப் பக்கம்
மீனலோசனி அச்சகம்.
எழுத்துக் கோக்கிற வேலை எனக்கு.
நாற்பத்தேழில், குறுவை அறுப்புக்கு முன்னால்
மேலக்குறிச்சி மிராசுதார் ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்தார்:
பண்ணையின் சரித்திரம்.
டெம்மி அளவு, கிரீம் தாள், காலிகோ கட்டு.
"சீமையில் அடிச்ச மாதிரி இருக்கணும்."

இருந்தது.
வரிக்கு வரி ஈயத்தகடு போட்டு மூச்சு விட்டேன்.
ஓரம் விடுவதில் கஞ்சத்தனம் கிடையாது.

ஓலைக்குப் புள்ளி ஆகாது,
எழுத்தாணியை ஊன்றினால் கிழியும்;
வாசிக்கிறவர் நாக்கால் வைத்துக்கொள்வார்.
தரங்கம்பாடியில் ஈயம் உருகிய பிறகு
புள்ளிக்கும் ஓர் உடம்பு வந்தது,
எடை வந்தது, தங்க ஓர் அறை வந்தது,
எண்ணிக்கை வந்தது.
எண்ணிக்கை வந்தால் தீர்ந்தும் போகும்.

எங்கள் கேஸில் ன் நானூற்றுப் பத்து.
எட்டுப் பக்கம் கோத்து, அடித்து, கலைத்தால்தான்
அடுத்த எட்டுக்கு எழுத்து.
ஐயா எழுத்தில் 'நான்' அதிகம்.
நான் வெட்டிய வாய்க்கால், என் களம், என் யானை
(யானை ஒரு கல்யாணத்துக்கு வாடகைக்கு வந்தது).

ஆறாவது ஃபாரத்தில் பண்ணையாட்கள் நுழைந்தார்கள்.
பக்கிரி வந்தான்.
பக்கிரி புயல் ராத்திரியில் மடை அடைத்தான்.
விடியும்வரை நின்றான்.
மடையோடு போனான்.
கை ன் அறைக்குப் போனது,
நகம் அடித்தட்டில் பட்டது.
கீழ் இழுப்பறையில், மெட்ராஸ் ஃபவுண்டரி முத்திரையோடு
பிரிக்காத பொட்டலம் ஒன்று இருந்தது.
பக்கத்து அறையில் ர் நிறையக் கிடந்தது.

பக்கிரி வந்தார்.
மடை அடைத்தார்.
விடியும்வரை நின்றார்.
ஸ்டிக்கில் எல்லாமே தலைகீழாகத்தான் தெரியும்,
பழகிப்போச்சு.

புரூஃப் பார்த்த கோதண்டபாணி
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார்.
ஓரத்தில் ஒன்றும் எழுதவில்லை.

முந்நூறு பிரதியும் கட்டி முடிந்த பிறகு
மிராசுதார் மேஜையைத் தட்டினார்:
"யாரைக் கேட்டுடா 'ஆர்' போட்டே?"
"ன் தீர்ந்துபோச்சுங்க.
உங்க நானுக்கே சரியாப் போச்சு."

முதலாளி செலவில் பிழைதிருத்தச் சீட்டு.
பக்கம் நாற்பத்தாறு, வரி ஒன்பது,
'நின்றார்' என்பதை 'நின்றான்' என வாசிக்கவும்.
இப்படிப் பதினேழு இடம்.
திருத்தச் சொல்லவும் முதலில் 'நின்றார்' என்று
கோக்கத்தானே வேண்டும்?
கோத்தேன், பதினேழும்.

சீட்டு ஒட்டியது பைண்டர் அந்தோணிமுத்து.
மைதாப் பசையில் துத்தம் கலக்கணும், இல்லையென்றால் பூச்சி விழும்.
காலிகோவுக்குக் கலந்தார், பார்த்தேன்.
சீட்டுக்குக் கலந்தாரா,
கேட்டுக்கொள்ளவில்லை.

அறுபத்தொன்றில், நீடாமங்கலத்தில்
பழைய பேப்பர் கடைத் தராசில் ஒரு பிரதி.
கட்டு அசையவில்லை.
சீட்டு இருந்த இடத்தில்
பழுப்பாய் ஒரு கட்டம், சல்லடைக் கண்கள்.
நாற்பத்தாறைப் புரட்டினேன்.
மை நன்றாகவே ஏறியிருந்தது.