உள்ளே கொஞ்சம் காற்று

ஹவல்லி, மூன்றாம் மாடி. பழைய புரொஜெக்டர்.
சிவப்பும் நீலமும் தெளிவு;
பச்சைக் குழாயின் திரவத்தில் மட்டும்
மோரில் விழுந்த நூல்போல் பூஞ்சை.

ஊசியால் உறிஞ்சி எடுத்தேன்.
பழைய ரப்பர் வளையம் விரலிலேயே நொறுங்கியது.
புதியதை வைத்துப் பசை தடவிவிட்டு
மறுநாள் வந்து கிளைக்கால் ஊற்றினேன்.

"விளிம்புவரை ஊற்று" என்றார் பூ மிஷாரி.
"கூடாது. சூட்டில் வீங்கும், ஒட்டு பிய்யும்.
விரல்நுனி அளவு காற்று வேண்டும் உள்ளே."

"அப்போ கஹ்வா மாதிரி" என்று சிரித்து
என் கோப்பையில் கால்பங்கு ஊற்றினார்.

அரபுச் செய்தித்தாள்மேல் குழாயைக் கவிழ்த்துக்
கசிகிறதா என்று பார்த்திருந்தோம்.
கால்பந்துச் செய்தி நனையவில்லை.

போதுமென்றால் கோப்பையை ஆட்ட வேண்டும்.
ஒட்டையே பார்த்திருந்தவன் மறந்துபோனேன்.
ஆறாம் முறையும் ஊற்றுகிறார்,
கால்பங்கு.