படுத்து வளர்வது

பார்ஜோனோ கப்பலேறப் போன அன்று
பெயின்ட் டப்பா ஒன்றை என் வாசலில் வைத்தான்.
அடியில் ஆணி குத்திய மூன்று துளை.
மேலே இரண்டே இலை,
மண்ணில் காது வைத்து
ஒட்டுக்கேட்பதுபோல் படுத்திருந்தன.

"கச்சோலம். நிக்காது, படுத்தேதான் வளரும்.
சோம்பேறின்னு நெனைச்சுடாதே" என்றான்.
இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.
துறைமுகத்துக்குப் போகும் வேன் ஹாரன் அடித்தது.

சுரபாயாவில் எங்கள் சந்து
இரண்டு பைக் எதிரெதிரே வந்தால்
ஒன்று யார் வீட்டு அடுப்படிக்குள்ளாவது போகவேண்டும்.
வெயில் பத்தரைக்கு வந்து
பதினொன்றே காலுக்குப் போய்விடும்.
அந்த முக்கால் மணிக்காக
டப்பாவை இடுப்பில் தூக்கி அலைந்தேன்.
குஸ்தினா வீட்டு மதிலில் வைத்தால்
அவள் கோழி ஒற்றைக் கண்ணால் பார்க்கும்.

இரவெல்லாம் பாட்டில் மூடித் தொழிற்சாலை.
விடிந்து வந்ததும் விரலை மண்ணில் விடுவேன்.
முதல் கணு வரை காய்ந்திருந்தால் ஒரு குவளை.
பிறகு அந்த விரலை முகர்ந்தபடி தூங்குவேன்.
கற்பூரத்தோடு மிளகைத் தட்டிய வாசனை.
இயந்திர எண்ணெய் அதனிடம் தோற்றது.

ஏப்ரலில் ஒரு பூ.
வெள்ளை. உதட்டில் மட்டும்
மைக்கறை விரலால் யாரோ தொட்ட ஊதா.
தூங்கி எழுந்து பார்த்தால்
நனைந்த டிஷ்யூ காகிதம்.

ஜூனில் இலையோரம் மஞ்சளித்தது.
தண்ணீரைக் கூட்டினேன். இன்னும் மஞ்சள்.
அரிசி களைந்த நீர்,
முட்டை ஓடு,
கொஞ்சல், ஒருநாள் கெட்ட வார்த்தை.
ஜூலையில் டப்பா நிறைய மண் இருந்தது,
வேறொன்றும் இல்லை.

கொலைகாரி பிணத்தைத் தோண்டிப் பார்ப்பாளா?
தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் காலால் தள்ளிவிட்டேன்.

சந்தையில் கர்சினாவிடம்
"வாசனையா ஒரு கிழங்கு" என்று கேட்டேன்.
நூடுல்ஸ் மட்டுமே வேகவைக்கத் தெரிந்தவள்
வேறெப்படிக் கேட்பாள்?
குவியலின் அடியில் கைவிட்டு ஒன்றை எடுத்தாள்.
அதே அளவு டப்பா தேடி
அதே மூன்று துளை குத்தினேன்,
ஒரு துளை கோணல் என்பதுவரை நினைவு வைத்து.

செப்டம்பரில் அது முளைத்தது.
அக்டோபரில் நின்றது.
முழங்கால் உயரம் நின்றது.
"படு" என்றேன்.
இலைமேல் ஒரு தட்டைக் கவிழ்த்து
தட்டின்மேல் உப்பு ஜாடி வைத்தேன்.
காலையில் ஜாடி தரையில் கிடந்தது,
தட்டு தலையில் இருந்தது,
சந்தே பார்த்தது.

பார்ஜோனோ டிசம்பரில் வந்தான்,
முன்பல் ஒன்று குறைந்து.
இடுப்புயரச் செடியைச் சுற்றிப் பார்த்தான்.
"பேரரத்தை. நல்லா வந்திருக்கு" என்றான்.
நான் என் செருப்பைப் பார்த்தேன்.

அவன் மூக்கு அப்புறம் எங்கோ திரும்பியது.
டிரம்மை நகர்த்திக் குனிந்தான்.
ஓட்டைக் குழாயின் வழியே
நவம்பர் மழையைக் குடித்துக்கொண்டு
எட்டு இலை.
டப்பாவின் விளிம்பைத் தாண்டி
சிமென்ட்டில் படுக்க இடம் தேடிக்கொண்டிருந்தன.

"வறண்ட மாசத்துல இது மண்ணுக்குள்ள போய்த் தூங்கும்,
அப்ப தண்ணி விட்டா அழுகிடும்.
அதைத்தான் சொல்ல வந்தேன், வேன் வந்துடுச்சு."
கொஞ்ச நேரம் கழித்து,
"தண்ணியே விடாம எப்படி உன்னால இருக்க முடிஞ்சுது?"

சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

ஒரு கணுவை ஒடித்து
ஊறிய அரிசியோடும் பனைவெல்லத்தோடும் இடித்து
வடிகட்டித் தந்தான்.
நாக்கு மரத்தது, காது சுட்டது.
போகும்போது பேரரத்தையை எடுத்துக்கொண்டான்,
கப்பல் சமையல்காரன் கேட்டானாம்.
கச்சோலத்தை எனக்கே விட்டான்.

இந்த ஜூனிலும் இலையோரம் மஞ்சளித்தது.
குவளையைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.
விரல் மட்டும் பழக்கதோஷத்தில்
விடிந்ததும் மண்ணுக்குள் போய்
வாசனையோடு திரும்புகிறது.