கால் திருகு

பனச்சமூட்டில் ரோட்டின் இந்தப் பக்கம் தமிழ்நாடு,
அந்தப் பக்கம் கேரளா.
ஞானாபரணத்தின் பட்டறை இந்தப் பக்கம்,
அவர் சாயா குடிக்கும் கடை அந்தப் பக்கம்.
நான் போனபோது வேறு மாநிலத்தில் இருந்தார்.

வந்து, சாக்கை விரித்து மூன்று ஹப் வைத்தார்.
ஒன்று, நெய்யாற்றின்கரையில் உடைத்த அம்பாசிடருடையது.
ஒன்று ஜீப்புடையது.
மூன்றாவது புதுசு, கோயம்புத்தூர்ச் சரக்கு.
எண்ணெய்க் காகிதத்தைப் பிரிக்கவில்லை,
விலையை மட்டும் பிரித்துச் சொன்னார்.

"பிரேக்கே வேண்டாம் மாமி" என்றான் செல்வதாஸ்.
வண்டி ஓட்டுகிறவன்.
"ஜீப்புல கெடக்குல்லா? டிரெய்லருக்கு எதுக்கு தனியா?
மெதுவா போனா போச்சு."

போன மாசியிலும் மெதுவாகத்தான் போனான்.
ஆறுகாணி இறக்கம், இரவு இரண்டரை.
நாற்பது பெட்டி, வாசல்தோறும் வலை அடித்து.
குறுக்கே ஒரு பன்றி.
ஜீப் நின்றது.
டிரெய்லர் நிற்கவில்லை.
பந்திக்குக் கதவு திறந்ததும்
முதுகில் வந்து விழும் கூட்டம்போல
எங்களை ஓடை விளிம்புவரை தள்ளிப்போனது.

ஆளுக்கு ஒன்றுமில்லையே என்று
எல்லோரும் கேட்டார்கள்.
ஆளுக்கு ஒன்றுமில்லை.
விடிந்து மூடி திறந்தால்
பதினோரு பெட்டியில் அடை சட்டத்தைவிட்டு இற்று விழுந்து
ஈக்கள் தம் தேனிலேயே முங்கிக் கிடந்தன.
ராணியைத் தேடின விரல்கள்
மத்தியானம்வரை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே இருந்தன.

ரப்பர்த் தேன் பூவில் இல்லை,
தளிர்க்கிற இலைக்காம்பில் கசியும்.
சில வாரம்தான். காம்பு முற்றினால் முடிந்தது.
பதினோரு பெட்டி அந்த வருஷம்
சும்மா நின்று மரம் பார்த்தது.

ஸ்டட்டுக்கு ஸ்டட் வெர்னியரில் அளந்து
ஞானாபரணம் எண் எண்ணாகச் சொன்னார்.
சர்ச் கணக்கு வாசிப்பதைக் கேட்பதுபோல் தலையாட்டினேன்.
எனக்குத் தெரிந்தது காது.
பெட்டியின் பக்கத்தில் விரல் மடக்கித் தட்டினால்
ராணி உள்ள கூடு 'உஸ்' என்று எழும், உடனே அடங்கும்.
இல்லாத கூடு அடங்காது.
இழுத்து இழுத்து முனகும்.

அச்சில் மாட்டிச் சுற்றச் சொன்னேன், குனிந்தேன்.
அம்பாசிடர் கரகரத்தது. மணல்.
ஜீப் வழுவழு என்று ஓடி,
நிற்கப்போகும் நேரத்தில் ஒரு முனகல்,
இழுத்து.
"இதுக்கு ராணி இல்ல" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை.
பேரிங்கைத் தட்டி எடுத்து வெயிலில் பிடித்தார்.
வளையத்தில் நகக்கண் அளவு, சூட்டில் வெந்த நீலம்.
"காதுல என்னத்த வச்சிருக்கிய?"

புதுசு சத்தமே காட்டவில்லை.
அது நல்லதா என்றும் எனக்குத் தெரியவில்லை.

அம்பாசிடரை மண்ணெண்ணெயில் கழுவினோம்.
மணல் போனது, கரகரப்பும் போனது.
புது சீல், கை நிறைய கிரீஸ்.
மிச்சக் காசில் பிரேக்.
வயர் இழுத்துக் காந்தத்தில் பிடிப்பது ஒன்று,
வெடுக்கென்று கடிக்குமாம்.
இன்னொன்றுக்கு வயர் இல்லை.
டிரெய்லர் முன்னால் முட்டும்போது
கொக்கித்தண்டு ஓரங்குலம் உள்ளே போகும்,
அந்த முட்டலே தன் சக்கரத்தைத் தான் பிடித்துக்கொள்ளும்.
"தள்ளுன அளவுதான் பிடிக்கும், கூட பிடிக்காது."
அதைக் கேட்டதும் இது என்றேன்.

"ரிவர்ஸுக்கு இந்தப் பின்னைச் சொருகணும்.
மறந்தா அசையாது.
எடுக்க மறந்தா நிக்காது."
செல்வதாஸைப் பார்த்துச் சொன்னார்.
அவன் செல்போனைப் பார்த்தான்.

நாற்பது பெட்டி எடைக்குச் செங்கல் ஏற்றி
இரவில் அதே இறக்கம்.
நடுவில் அவன் மிதித்தான், வேண்டுமென்றே.
முதுகுக்குப் பின்னால் 'ணங்' என்று ஒரு சத்தம்,
பிறகு ஒன்றுமே வரவில்லை.
நான் தோளை இறுக்கிக் காத்திருந்தது வரவில்லை.

அடிவாரத்தில் இறங்கி
புறங்கையை ஹப்பில் வைத்துப் பார்த்தேன்.
வலது, காய்ச்சல் விட்ட நெற்றி.
இடது கொஞ்சம் கூடுதல்.
நாளைக்கு இடதைக் கால் திருகு
தளர்த்தச் சொல்ல வேண்டும்.