நின்ற பிறகு

ஓடும்போது யாரும் என் கையைத் தொடவில்லை.
நின்ற பிறகுதான்
பட்டையை எடுத்துக்கொண்டு வந்தாள் நூர்ஜமீலா.

தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ், இரண்டாம் மாடி.
வயது ஐம்பத்தொன்று, எழுதிக்கொண்டாள்.
தென்பெரம்பூர் ரெகுலேட்டரில் லஸ்கர்.
ஷட்டர் சுற்றித் தடித்த கை,
அவள் மடக்கிப் பார்த்ததில் பட்டை எட்டவில்லை,
பெரிய பட்டை தேடிப் போனாள்.

போன செவ்வாய் வெறும் நடை.
முப்பது நிமிஷம், பேசிக்கொண்டே.
படுத்ததும் நாடி இறங்கிவிட்டது,
யாரும் ஓட்டாமல் கொட்டில் சேரும் மாடு மாதிரி.
முன்கையை ஐந்து நிமிஷம் இறுக்கி, விட்டாள்.
திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு வாய்க்கால்
கரை தள்ளி அகன்றது.
என் தமனியாம்.
இத்தனை வருஷம் கூடவே இருந்திருக்கிறது.

இன்றைக்கு ஓட்டம்.
நான்கு நிமிஷம் உயிரைக் கையில் பிடித்து,
மூன்று நிமிஷம் மூச்சு வாங்கி,
மறுபடி நான்கு, மறுபடி.
படுத்த பிறகும் நெஞ்சு ஓடியது.
பட்டையை விட்டாள்.
வாய்க்கால் அசையவில்லை.

"கெட்டுப்போச்சாம்மா?"
"அதட்டி வேல வாங்கிட்டு உடனே பேசுன்னா
பேசுமா? பொறுங்க."

பொறுப்பது எனக்குத் தெரியும்.
மேட்டூர்த் தண்ணீர் வந்து சேரும் முதல் நாள்
வைக்கோலும் ஒற்றைச் செருப்பும் நுரையுமாக
அளவுகோலில் எண் குதிக்கும்.
அந்த எண்ணை ஒருநாளும் பதிவேட்டில் ஏற்றியதில்லை.

ஒரு மணி நேரம். டீ கூடாது என்றாள்.
பக்கத்துக் கட்டிலில் ஒரத்தநாட்டு வாத்தியார்
குறட்டை விட்டார், அவருக்கு வெறும் நடைதான்.

மறுபடி இறுக்கி, விட்டாள்.
விரிந்தது.
செவ்வாயைவிட ஒரு நூல் கூட.
பிரஷரும் காலையில் வந்ததற்குப் பத்துக் குறைவு.

அப்படியானால் ஓடலாமா, என்றேன்.
"உங்க ஒருத்தர வச்சு எப்படி சார் சொல்றது,
இன்னும் இருபத்திமூணு பேர் இருக்காங்க."

சாயங்காலம் மூன்றாம் ஷட்டரை இறக்கினேன்.
கீழே மட்டம் சரசரவென்று தாழ்ந்தது.
தண்ணீர் இருந்த உயரம் மட்டும்
தூணில் ஈரமாய் நின்றது.
அது காயும்வரை மணிக்கட்டில் விரல் வைத்திருந்தேன்.

பதிவேட்டில் நேரம் உண்டு, அடி உண்டு, அங்குலம் உண்டு.
குறிப்பு என்ற கட்டம்
எப்போதும் காலியாய்க் கிடக்கும்.
அதில் எழுபத்திரண்டு என்று எழுதினேன்.

நாளைக்கு ஏ.இ. கேட்பார்,
இது எந்த வாய்க்கால் என்று.