நான்காவது பை

அலுவலகத்தைப் பூட்டச் சொன்ன அன்று
உதவித் தொலைபேசி என் வீட்டுக்கு வந்தது.
கூடத்தில் மாமனாரும் செய்தி வாசிப்பவரும்.
படுக்கையறையில் மகனுக்கு இணையவழிக் கணக்கு.
மிச்சமிருந்தது காப்பறை,
குண்டு விழுந்தால் ஒளிந்துகொள்ள
வீவக கட்டித் தந்த இரும்புக் கதவறை.
அரிசி மூட்டைமேல் அமர்ந்து
"வணக்கம், சொல்லுங்கம்மா" என்றேன்.

கதவைச் சாத்தினால் அழைப்பு அறுந்துபோகிறது.
திறந்தால் அவர்கள் அழுவது கூடத்தில் கேட்கும்.
என் ரப்பர் செருப்பு ஒன்றை இடுக்கில் செருகினேன்.
அந்தத் திறப்பில்தான்
இரண்டு மாதம் வேலை நடந்தது.

செங்காங்கிலிருந்து கூப்பிட்டாள்.
மூச்சு முதலில் வந்தது, பெயர் பிறகு.
கோகிலவாணி. ஊர் கரூர்ப் பக்கம்.
"மின்தூக்கிகிட்ட நிக்கிறேன்க்கா.
குப்பை போட வந்தேன். நாலு நிமிசந்தான்."

குப்பைக் குழாய் வீட்டுக்குள் இல்லாத புளோக்.
தாழ்வாரத்தின் கோடிக்கு நடக்க வேண்டும்.

முதல் நாள் ஒரு பை.
மறுநாள் வெங்காயத் தோலைத் தனியாகக் கட்டினாள்,
மீன் செதிலைத் தனியாக,
பிள்ளையின் அணையாடையைத் தனியாக.
மூன்று பை. பன்னிரண்டு நிமிடம்.
நான் படிவத்தைத் துண்டு துண்டாய் நிரப்பினேன்.
காலைப் பையில் தோள்பட்டை.
மதியப் பையில் பூட்டிவைத்த கடப்பிதழ்.
இரவுப் பையில் அவள் எதுவும் சொல்லவில்லை.
அது பதினோரு மாடி இறங்கும் சத்தத்தை
இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அனுமதி வகை என்று ஒரு கட்டம் உண்டு.
சார்ந்திருப்போர் என்று எழுதினேன்.
உப்பு டப்பா எங்கிருக்கிறதென்று
தெரியாத ஒருவரைச் சார்ந்திருப்பவள்.

வெள்ளிதோறும் ஸூம் கூட்டம்.
நன்கொடை நிறுவனத்து இளைஞர் கேட்டார்:
"இந்த மாதம் எத்தனை பேரை மீட்டீர்கள்?"
ஹஸ்லினா ஒலியை அணைத்துவிட்டு
மலாயில் என்னவோ சொன்னாள். உதடு மட்டும் தெரிந்தது.
நான் எண்ணைச் சொன்னேன். சின்ன எண்.
அழைப்புகள் இரட்டிப்பு என்றதும் அவர் முகம் தெளிந்தது.
குறித்துக்கொண்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை நான்காவது பை.
மேலே முட்டை ஓடு.
அடியில் கடப்பிதழ், பிறப்புச் சான்றிதழ்,
பிள்ளைக்கு இரண்டு சட்டை.
அவர் குளிக்கப் போகும்போது
சாவி சட்டைப் பையிலேயே இருந்திருக்கிறது.
"குப்பை போட்டுட்டு வர்றேன்" என்றாளாம்
குளியலறைக் கதவைப் பார்த்து, குழந்தை இடுப்பில்.
பொய் சொல்லாமல் வளர்ந்தவள்,
அன்றும் பாதி உண்மையைத்தான் சொன்னாள்.

கீழே ஹஸ்லினாவின் கார், விளக்கணைத்து.
என் காதில் மின்தூக்கி.
"பதினொன்னு... பத்து... ஒம்போது..."
மாடிகளை எனக்குச் சொல்லிக்கொண்டே இறங்கினாள்.
ஐந்தில் கதவு திறந்தது.
யாரோ ஏறினார். எண்கள் நின்றுபோயின.
அரிசி மூட்டையைப் பிடித்துக்கொண்டேன்.
ஒரு இருமல். பிளாஸ்டிக் பையின் சரசரப்பு.
பிறகு ஹஸ்லினாவின் குரல்: "சீட் பெல்ட், அடேக்."

காப்பகத்தில் இடமில்லை.
மூன்று இரவு ஒரு மலிவு ஹோட்டல்,
அப்புறம் யார் வீட்டிலோ ஒரு மெத்தை.
அனுமதி அட்டை ரத்தாகலாம் என்று கடிதம் வந்தது.
படிவத்தின் கடைசிக் கட்டம்: நிலை.
'முடிந்தது' என்றோ 'முடியவில்லை' என்றோ கேட்டிருந்தால் பரவாயில்லை.
'முடிந்தது' ஒன்றுதான் இருந்தது.
வெறுமையாக விட்டேன்.
ஏற்க மாட்டேனென்று சிவப்பில் மின்னியது.

இடுக்கிலிருந்து செருப்பை எடுத்து
மாட்டிக்கொண்டேன். ஒரு பக்கம் நசுங்கியிருந்தது.
சமையலறைப் பையை முடிச்சிட்டேன்.
"குடு, நான் போட்டுட்டு வர்றேன்" என்றார் கணவர்.
நல்லவர். உண்மையிலேயே நல்லவர்.
வேண்டாம் என்றேன்.

பாதிகூட நிறையாத பை.
தாழ்வாரத்தில் காற்று இருந்தது,
எதிர்ப் புளோக்கில் அத்தனை சன்னல்களிலும் வெளிச்சம்.
நான்கு நிமிடம் நின்றேன்.
இன்னும் கொஞ்சம் நின்றேன்.